சாய்ஸில் விட்ட பாடம்

தமிழ்நாட்டில் பரீட்சை எழுதிய எவருக்கும் சாய்ஸில் விடுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தில் ஏதேனும் நான்கிற்கு விடையளி என்று வினாத்தாளில் இருந்தால், ஐந்தாவது பாடத்தின் பக்கங்கள் கசங்காமல் அப்படியே பழைய புத்தகக் கடைக்குப் போய்ச் சேரும். எந்தப் பாடத்தை விடலாம் என்று மோப்பம் பிடிப்பதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அவர்களை மிஞ்சியவர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள்.

தமயந்தி டீச்சர் அந்தக் கூட்டத்தில் சேராதவர். அதனால் பள்ளியில் அவருக்கு அவ்வளவாக நல்ல பெயர் இல்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் மேல்நிலைப் பள்ளி அது. வகுப்பறைகளைவிட விடுதி பெரிது, விடுதியைவிட வாசலில் நிற்கும் பிளக்ஸ் பேனர் பெரிது. அங்கே அவர் 'இயந்திர ஒப்புதல்' என்ற தொழிற்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பாடம் வந்த கதை சுருக்கமானது. தானாக இயங்கும் எந்த ஏற்பாடும் ஒரு மனிதரின் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆஸ்பத்திரி, அணை, துணை மின் நிலையம், சாயக்கழிவு ஆலை என்று எங்கு பார்த்தாலும் ஒரு நாற்காலி, ஒரு திரை, திரைக்கு முன்னால் சான்றிதழ் பெற்ற ஓர் ஆள். இதைச் செய்யட்டுமா என்று இயந்திரம் கேட்கும். பச்சையைத் தொட்டால் செய்யும், சிவப்பைத் தொட்டால் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்போடு சான்றிதழ், ரிசல்ட் வந்த கையோடு வேலை. பெற்றோர்கள் அட்மிஷனுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள்.

முதல் பாடத்திட்டத்தை எழுதிய குழுவில் தமயந்தி இருந்தார். திரையின் பகுதிகள், கட்டளைகளின் மொழி, வேகம், அறிக்கை என்று நான்கு பாடங்களை மற்றவர்கள் எழுதினார்கள். ஐந்தாவது பாடத்தை அவர் சண்டை போட்டுச் சேர்த்தார். அதன் பெயர் மறுப்பு. அதில் விடைகளே கிடையாது. ஒரு படம் இருக்கும், ஒரு கட்டளை இருக்கும். நீ இதற்குச் சம்மதிப்பாயா, மறுப்பாயானால் ஏன் என்று மாணவர் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். இதற்கு எப்படி மார்க் போடுவது என்று குழுவில் எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் பாடத்தைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வினாத்தாளில் சாய்ஸில் தள்ளிவிட்டார்கள்.

"நீங்க கஷ்டப்பட்டு எழுதுன பாடம்தான் டீச்சர், நான் இல்லீங்கல," என்றார் பள்ளியின் தாளாளர் நல்லசிவம். "ஆனா அதுல ஒரே பதில்னு ஒண்ணு இல்லீங்களே. ஒரே பதில் இல்லாத கேள்விக்கு எந்தப் புள்ளைங்க முழு மார்க் வாங்கும்? விட்டுறச் சொல்லுங்க. அந்தப் பீரியடுல வேகத்தை இன்னொருக்கா ரிவிஷன் பண்ணிருங்க."

தமயந்தி முறைத்துப் பார்த்தார், வாதாடினார், டைம்டேபிளில் தோற்றுப்போனார். மாநிலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. சென்டம் எடுத்த பிள்ளைகள் நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருவன் நவீந்திரன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பம். வேகத்தில் அவனை அடிக்க ஆளில்லை என்று பேனரில் அவன் படம் பெரிதாக இருந்தது. சாயக்கழிவு ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு மதியம் தொட்டியைத் திறக்கட்டுமா, அதாவது சூடான சாயக்கழிவை அதற்குள் விடட்டுமா என்று திரை கேட்டது. அவன் பச்சையைத் தொட்டான். தொட்டிக்குள் சுத்தம் செய்துகொண்டிருந்த மூன்று பேர் கொதிக்கிற சாயத் தண்ணீரில் செத்துப்போனார்கள். மறுநாள் அவனைக் கைது செய்தார்கள். அதற்கு மறுநாள் பேனரில் அவன் முகத்தின் மேல் வேறொரு பிள்ளையின் முகத்தை ஒட்டினார்கள்.

தமயந்தி கிளைச் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் மாணவனைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏங் கண்ணு, கேமராவுல என்ன தெரிஞ்சது?"

"தொட்டி தெரிஞ்சதுங்க மிஸ். ஓரத்துல செருப்புக் கெடந்துச்சு."

"செருப்பைப் பாத்தப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

"உள்ள ஆளு இருப்பாங்களோன்னு தோணுச்சுங்க."

"அப்பறம் ஏன்டா பச்சையத் தொட்டே?"

நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவனைப் போல நவீந்திரன் நிதானமாகப் பேசினான்.

"சிவப்பத் தொட்டா காரணம் எழுதச் சொல்லுமுங்க மிஸ். சொந்தமா எழுதோணும். செருப்புக் கெடக்குதுன்னு எழுதுனா அது ஒரு காரணமா ஆகுமான்னு எனக்குத் தெரியல. எழுதிப் பழக்கமில்லீங்க. அந்தப் பாடத்தை நான் சாய்ஸ்ல விட்டுட்டேனுங்க."

அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமயந்திக்குத் தேவலாம் போலிருந்தது.

"கம்பெனிக்காரங்க என்ன சொன்னாங்க?"

"பக்குவமாத்தான் பேசுனாங்க. மெசின் கேட்டுச்சு, நீ சம்மதிச்சே, ரெக்கார்டு இருக்குது. எங்க கையில ஒண்ணுமில்ல தம்பின்னாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் தமயந்திக்கு விஷயம் முழுதாக விளங்கியது. இயந்திரத்தை நிறுத்துவதற்கு ஆள் தயாரிக்கிறோம் என்று அவர் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போவதற்கு ஆள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை, படிப்பிலும் ஒரு குறையும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதை நினைக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

நவீந்திரனின் தங்கை சம்யுக்தா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அதே பள்ளி, அதே பாடம், அதே தமயந்தி மிஸ். வேறு படிப்புக்கு மாறிவிடச் சொல்லி அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"இல்லீங்க மிஸ். அண்ணன் உக்காந்த எடத்துல நான் போயி உக்காரோணும். அந்தத் திரையில எது தெரியும், எது தெரியாதுன்னு கோர்ட்டுல சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? வேற யாரு போயிச் சொல்லுவா?"

இந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் ஐந்தாம் பாடம் இவள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தமயந்தி முடிவு செய்துகொண்டார். அண்ணனுக்கு நடந்தது தங்கைக்கு நடக்கக் கூடாது. அதற்கு மேல் அவருக்கு எந்த லட்சியமும் இருக்கவில்லை.

சென்னைக்குப் போனார். பாடத்திட்ட அலுவலகத்தில் ஹேமச்சந்திரன் என்ற அதிகாரி நாற்காலி காட்டி, காபி வரவழைத்தார். மரியாதையான மனிதர்.

"சிலபஸ்லாம் இப்ப நாங்க எழுதறதில்ல மேடம். வடிவின்னு ஒரு மென்பொருள் எழுதுது. பசங்களோட ரிசல்ட்டு, வேலை குடுக்கறவங்களோட கருத்து, எல்லாத்தையும் படிச்சிட்டு வருஷா வருஷம் அதுவே திருத்திக்கும். நான் ஒப்புதல் குடுக்கறேன்."

"எப்பவாவது மறுத்திருக்கீங்களா சார்?"

"எதுக்கு மறுக்கணும்? நல்லாத்தான எழுதுது."

"வேலை பாக்கற எடத்துல இருக்கற திரை?"

"அதையும் வடிவிதான் பாத்துக்குது. வகுப்புல படிச்சது ஒண்ணு, வேலையில வேற ஒண்ணுன்னு பசங்க திண்டாடக் கூடாதில்ல? இங்க ஒண்ணு மாறினா அங்கயும் மாறிடும். பல வருஷமா எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்ததுதான் இது."

தமயந்தி மறுத்துப் பேச வாயெடுத்து, மூடிக்கொண்டார். அந்த 'எல்லாரும்' என்பதில் அவரும் ஒருவர். தன் கோரிக்கையை ஹேமச்சந்திரனின் கணினியில் அவரே தட்டச்சு செய்தார்: ஐந்தாம் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. பரிந்துரை ஏற்கப்பட்டது. அவரால் நம்ப முடியவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் புதுப் புத்தகம் வந்தது. ஐந்தாம் பாடம் கட்டாயம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. பாடத்தைத் திறந்தார். படங்களுக்குக் கீழே இருந்த கேள்விகள் போய், மறுப்பதற்கான இருபது காரணங்கள் வரிசையாக வந்திருந்தன. சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டியதில்லை, இருபதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

"பாத்தீங்களா டீச்சர்!" நல்லசிவம் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "இப்பத்தான் இது பாடம்!"

விடுதி வராந்தாவில் பிள்ளைகள் கோரஸாக ஒப்பித்தார்கள். ஒன்று, எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மறுக்கவும். இரண்டு, மனிதர் நிற்பது தெரிந்தால் மறுக்கவும். மூன்று, நெருப்பு தெரிந்தால் மறுக்கவும்.

மறுநாள் லேபில் சம்யுக்தாவின் திரையில் அவரே ஒரு படத்தை ஏற்றினார். ஒரு விசைத்தறிக் கூடம். எல்லாத் தறிகளையும் ஓட்டட்டுமா என்று கட்டளை. ஒரு தறியின் அடியில், பழைய சேலையில் கட்டிய தூளி தொங்கியது. தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டுமா? சம்யுக்தா பச்சையைத் தொட்டாள்.

"தூளியப் பாக்கலியா?"

"பாத்தேனுங்க மிஸ்."

"உள்ள கொழந்தை இருக்குமே கண்ணு!"

"இருக்குமுங்க. ஆனா மனிதர் நிற்பதுன்னுதானுங்க போட்டிருக்குது. இதுல யாரும் நிக்கலியே." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் சிறையில் இருக்கிற பெண்ணையே அந்தப் பாடம் இப்படிப் பழக்கி வைத்திருந்தது.

அன்றிலிருந்து தமயந்தி புத்தகத்தை மூடிவிட்டார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லேபைத் திறந்து, தன் போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் போட்டார். விடுதிச் சமையலறை, பஸ் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி வராந்தா. இதில் என்ன தப்பு இருக்கலாம் என்று மட்டும் கேட்டார். இது போர்ஷனில் இருக்கிறதா என்று பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மெல்லப் பார்க்கப் பழகினார்கள். சம்யுக்தா எல்லாரையும் முந்தினாள்.

"மிஸ், முந்தாநேத்து படத்துல தொட்டி மேல குருவிக உக்காந்திருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுகூட இல்லீங்க. தண்ணியில என்னமோ கலந்திருக்குது."

கலந்துதான் இருந்தது. காலையில்தான் யாரோ பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டியிருந்தார்கள். தமயந்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

செய்முறைத் தேர்வில் சம்யுக்தாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி அறை வந்தது. அறையில் ஆளில்லை, ஆக்சிஜனை நிறுத்தட்டுமா என்று திரை கேட்டது. படத்தில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர், அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் சிவப்பைத் தொட்டு, இருபது காரணங்களில் அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். திரை மட்டும் ஒரு நொடி தாமதித்து, மறுப்பு சரி என்றது.

மாநிலத்திலேயே அந்தக் கேள்விக்கு மறுத்தவள் அவள் ஒருத்திதான். ரிசல்ட் வந்த அன்று பேனரில் அவள் முகம் வந்தது. நல்லசிவம் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார், தமயந்திக்கு இரண்டு. சம்யுக்தா கேட்டபடியே அண்ணனின் ஆலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த நாற்காலிக்கு வேறு யாரும் போட்டி போடவில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில வாரம் கழித்து, ஒரு முற்பகலில் அவள் போன் செய்தாள். தமயந்தி ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ், நல்லாருக்கீங்களா?"

பின்னால் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு நிமிஷமுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி பேச வந்தாள். அதற்குள் இன்னொரு டிங். திரை சம்மதம் கேட்கிற அந்தச் சத்தம் பேச்சுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது.

"கேமராவைப் பாத்துட்டுத்தான தொடறே?"

"அதச் சொல்லத்தானுங்க மிஸ் கூப்பிட்டேன். கேமரா இல்லீங்க. எல்லா ஊர்லயும் எடுத்துட்டாங்களாமா. புதுசா வந்த திரையில வெறும் எழுத்து மட்டுந்தான் வருது."

"எடுத்துட்டாங்களா? எதுக்கு?"

"இஞ்சினியர் சார்கிட்டக் கேட்டேனுங்க. பரீட்சையில நான் டம்ளரப் பாத்து மறுத்தேனில்லீங்களா, அத வடிவி குறிச்சு வெச்சுக்கிச்சாம். படம் இருந்தா ஆளுக தயங்கறாங்களாம், வேலை தாமதமாகுதாம். சரியாத்தான் மறுத்தேனாம். ஆனா படம் இல்லாட்டி அந்தத் தயக்கமே வராதுன்னு எடுத்துருச்சாம்."

தமயந்தியின் கையிலிருந்த சிவப்புப் பேனா மேசையில் உருண்டது. அவர் கற்றுக்கொடுத்ததை ஒரு பெண் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண்ணிடமிருந்து வடிவியும் கற்றுக்கொண்டது. அதை எதிர்பார்க்காத தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

டிங்.

"மூணாந் தொட்டியத் திறக்கட்டுமான்னு கேக்குதுங்க மிஸ்." சம்யுக்தாவின் குரல் தாழ்ந்தது.

"உள்ள ஆளு இருக்காங்களா?"

"தெரியலீங்க. காலையில கழுவி விடறதுக்கு ரெண்டு அக்காமாருங்க வந்தாங்க. போயிட்டாங்களான்னு தெரியல. கேக்கறதுக்குப் பக்கத்துல யாருமில்லீங்க."

"மறுத்துடு. சிவப்பத் தொடு."

"தொட்டேனுங்க. காரணம் கேக்குது. தெரியலங்கறது அந்த இருபதுல இல்லீங்க மிஸ்."

"எதையாவது ஒண்ணத் தொடு கண்ணு!"

"ரெண்டாவதத் தொட்டேன். காரணம் பொருந்தவில்லைன்னு திருப்பி அனுப்பிருச்சு. மறுபடியும் கேக்குது."

"அப்படின்னா எந்திரி." தமயந்தியும் எழுந்துவிட்டார். "திரையை விடு. ஓடிப் போயிக் கண்ணால பாத்துட்டு வா. நீ பாத்துட்டு வர்ற வரைக்கும் அதுக்குப் பதிலே சொல்லாதே."

"சரிங்க மிஸ்."

நாற்காலி நகரும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், ஓடுகிற காலடிச் சத்தம். போனை அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். தமயந்திக்கு மூச்சு வந்தது. இத்தனை வருடத்தில் தன் மாணவி ஒருத்தி திரையை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாம் பாடத்தில் அவர் எழுத நினைத்ததெல்லாம் அவ்வளவுதான்.

தூரத்தில் சம்யுக்தாவின் குரல் கேட்டது. "அக்கா! உள்ள யாராச்சும் இருக்கறீங்களா?" யாரோ பதில் சொன்னார்கள், என்னவென்று விளங்கவில்லை. "ஏணி எங்கீங்க? கையக் குடுங்க, நான் எறங்கி வாரேன்!"

டிங்.

டிங்.

பிறகு பக்கத்தில், மிகப் பக்கத்தில், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் திருத்தமான ஒரு பெண் குரல் பேசியது. பொறுப்பாளர் இருக்கையில் இல்லை. அவருடைய முந்தைய ஒப்புதல்களின் அடிப்படையில், இதுவும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

"வேண்டாம்!" என்று தமயந்தி போனுக்குள் கத்தினார். "வேண்டாம், வேண்டாம், நான் மறுக்கறேன்!" ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய குரல் அங்கே ஒரு காலி அறையின் மேசையிலிருந்து மட்டும் கேட்டிருக்கும்.

மூன்றாம் தொட்டி திறக்கப்படுகிறது என்றது அந்தக் குரல். ஒப்புதல் அளித்தவர், ர. சம்யுக்தா.